பள்ளி வாசலில் முதல் மரியாதை

இந்தியப் பெருநகரப் பள்ளிகளில் நாள் இறைவணக்கத்தோடு தொடங்குவதில்லை. அதற்கு அரை மணி நேரம் முன்பே, வாசலில் ஹாரன் சத்தத்தோடு தொடங்கிவிடுகிறது. தில்லியானாலும் புனேயானாலும் ஹைதராபாத்தானாலும் காட்சி ஒன்றுதான். மஞ்சள் பஸ் உள்ளே நுழைய மூக்கை நீட்டிக்கொண்டு நிற்கும். அதற்கு முன்னால் குறுக்காக நின்ற கார் ஒன்று பின்கதவைத் திறந்து ஒரு குழந்தையையும் ஒரு கனத்த பையையும் இறக்கிக்கொண்டிருக்கும். கிடைத்த சந்தில் ஒரு ஸ்கூட்டர், முன்னால் ஒன்றும் பின்னால் இரண்டுமாகப் பிள்ளைகளோடு நுழையும். பிள்ளைகளை அடைத்துக்கொண்டு வரும் பேட்டரி ரிக்ஷா, அவசரமாக வரும் ஆசிரியை, குடிநீர் கேன் ஏற்றிய டெம்போ எல்லாம் அதே வாசலுக்குத்தான். இவற்றுக்கு நடுவே தாத்தாவின் கையைப் பிடித்தபடி நடந்து வருகிறது ஒரு முதல் வகுப்புப் பிள்ளை. விசில் ஊதும் காவலாளி எல்லா வண்டிகளுக்கும் கையசைப்பார். அந்தப் பிள்ளையைப் பார்க்க மட்டும் அவருக்கு நேரம் இருக்காது.

பள்ளி நிர்வாகங்கள் இந்தக் குழப்பத்துக்கு வழக்கமாகச் சொல்லும் தீர்வுகள் மூன்று. இன்னொரு காவலாளி, இன்னொரு அறிவிப்புப் பலகை, பெற்றோருக்கு இன்னொரு சுற்றறிக்கை. வட இந்தியப் பள்ளிகளில் நிர்வாக அதிகாரியாக ஓய்வுபெற்ற மேஜர் ஒருவர் இருப்பது வழக்கம். அவர் வந்த புதிதில் வாசலில் ஒரு மாதம் ராணுவ ஒழுங்கு நிலவும். பிறகு மழைக்காலம் வரும், எல்லாம் பழையபடி ஆகும். ஒழுங்கீனமான ஓட்டுநர்களும் அவசரக்காரப் பெற்றோருமே காரணம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அது பாதி உண்மைதான். வேகமும் எடையும் பார்வை உயரமும் வெவ்வேறான எல்லோரையும் ஒரே நேரத்தில், ஒரே வாசல் வழியாக அனுப்பும்படி அந்த இடம் அமைக்கப்பட்டிருக்கிறது. தவறு மனிதர்களிடம் இருப்பதைவிட அதிகமாகத் தரையில் இருக்கிறது.

தரையைப் பற்றி யாரும் அதிகம் யோசிக்காததற்குக் காரணம் உண்டு. 1997 நவம்பர் 18 அன்று தில்லி வசீராபாத்தில் பள்ளி பஸ் ஒன்று யமுனையில் விழுந்து 28 குழந்தைகள் இறந்தனர். நாடே அதிர்ந்தது. எம்.சி. மேத்தா வழக்கில் உச்சநீதிமன்றம் தலையிட்டு, அந்த ஆண்டு முடிவதற்குள் விதிகளை வகுத்தது. பள்ளி பஸ்ஸுக்கு மஞ்சள் வண்ணம், முன்னும் பின்னும் 'பள்ளிப் பேருந்து' என்ற எழுத்து, மணிக்கு 40 கி.மீ.க்கு மேல் போகாதபடி வேகக் கட்டுப்பாட்டுக் கருவி, ஜன்னல்களில் கம்பி, தீயணைப்புக் கருவி, முதலுதவிப் பெட்டி, அனுபவமுள்ள ஓட்டுநர், பிள்ளைகளைக் கவனிக்க ஓர் உதவியாளர். இன்று நாடெங்கும் தெருவில் தெரியும் மஞ்சள் நிறத்துக்குப் பின்னால் அந்த 28 குழந்தைகள் இருக்கிறார்கள். விதிகள் நல்லவை, தேவையானவை. ஆனால் எல்லாமே வண்டியைப் பற்றியவை.

25 ஆண்டுகளுக்குப் பிறகும் சிந்தனை அதே தடத்தில்தான் ஓடியது. 2022 மார்ச்சில் சென்னையில் ஒரு தனியார் பள்ளியின் வளாகத்துக்குள்ளேயே 2ஆம் வகுப்புச் சிறுவன் ஒருவன் தான் வந்து இறங்கிய வேன் மோதி இறந்தான். அது சாலையல்ல. அங்கே லாரி இல்லை, மூடுபனி இல்லை, அதிவேகமும் இல்லை. பெற்றோர் 'இனிக் கவலையில்லை' என்று நினைக்கும் மதில்சுவருக்கு உள்ளே நடந்தது. அந்த ஆண்டே தமிழக அரசு பள்ளி வாகனங்களில் முன்னும் பின்னும் கேமராவையும், பின்னால் ஆள் இருந்தால் எச்சரிக்கும் கருவியையும் கட்டாயமாக்கியது. அதுவும் சரியே. ஆனால் இறங்கிய குழந்தையும் நகரும் வண்டியும் ஒரே தரையில் ஏன் இருந்தார்கள் என்ற கேள்விக்குக் கேமராவில் பதில் இல்லை.

2022இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்கிறது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம். அவர்களில் 32,825 பேர் நடந்து சென்றவர்கள். ஐந்தில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளலாம். நடப்பவர்களிலும் குழந்தையின் நிலை தனி. முதல் வகுப்புப் பிள்ளையின் உயரம் 110 செ.மீ.க்குச் சற்று மேலே. இன்று பள்ளி வாசல்களை நிறைக்கும் பெரிய கார்களின் முன்புறம் ஏறக்குறைய அதன் தலையை மறைத்துவிடும். குழந்தைக்கு வண்டி தெரியாது, ஓட்டுபவருக்குக் குழந்தை தெரியாது. ஸ்வீடனைச் சேர்ந்த உளவியலாளர் ஸ்டீனா சாண்டல்ஸ் 1960களிலேயே இதை ஆராய்ந்து, சிறு குழந்தைகளால் வாகனத்தின் வேகத்தையும் தூரத்தையும் சரியாகக் கணிக்க முடியாது, எவ்வளவு பயிற்சி கொடுத்தாலும் அவர்களைப் போக்குவரத்துக்கு ஏற்றபடி முழுமையாக மாற்ற முடியாது என்ற முடிவுக்கு வந்தார். மாற வேண்டியது போக்குவரத்துதான். 'வலது பக்கம் பார், இடது பக்கம் பார்' என்று சுவரில் எழுதிவிட்டுத் திருப்தியடையும் பள்ளிகள் இதை யோசிக்கலாம்.

வளாகத்தைத் திருத்தி அமைக்க முதலில் தேவைப்படுவது சிமெண்டோ பணமோ அல்ல, கணக்கு. 2,000 பேர் படிக்கும் ஒரு பள்ளியை எடுத்துக்கொள்ளலாம். அதில் 300 பேர் ஆளுக்கொரு காரில் வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கார் நின்று நகர 6 மீட்டர் வேண்டும். வரிசையாக நின்றால் 1,800 மீட்டர், கிட்டத்தட்ட 2 கி.மீ. எந்தப் பள்ளியின் முன்னாலும் அவ்வளவு நீளம் கிடையாது. அதே 300 பேர் 50 இருக்கையுள்ள 6 பஸ்களில் வந்தால் 80 மீட்டருக்குள் வேலை முடியும். காலையிலாவது கார்கள் இறக்கிவிட்டு ஓடிவிடும். ஆளுக்கு ஒரு நிமிடம் என்று கறாராக இருந்தால் 90 மீட்டர் ஓரத்தில் 20 நிமிடத்தில் 300 காரும் வந்து போகலாம். பை சிக்கிக்கொண்டாலோ, தண்ணீர் பாட்டில் உருண்டாலோ, அம்மா வகுப்பாசிரியையைப் பார்த்துவிட்டாலோ கணக்கு கெட்டது. மாலையில் இந்தச் சமாளிப்புக்கும் வழியில்லை. காலையில் வருபவர் போகத்தான் வருகிறார். மாலையில் வருபவர் காத்திருக்க வருகிறார். மணி அடிக்க அரை மணி இருக்கும்போதே மர நிழலைப் பிடித்துக்கொண்டு, ஏ.சி.யை ஓடவிட்டு உட்கார்ந்துவிடுகிறார். அந்த 1,800 மீட்டர் மாலையில்தான் தன் முழு நீளத்தைக் காட்டுகிறது.

ஆகவே தலைமையாசிரியர் முதலில் செய்ய வேண்டியது ஒரு வாரம் வாசலில் நின்று எண்ணுவது. எத்தனை பேர் நடந்து, எத்தனை பேர் சைக்கிளில், பஸ்ஸில், ஆட்டோவில், காரில் வருகிறார்கள்? எந்தப் பக்கத்திலிருந்து? எந்த நிமிடத்தில் நெரிசல் உச்சம்? பெரும்பாலான பள்ளிகளில் கணினி ஆய்வகத்துக்கும் நீச்சல் குளத்துக்கும் கணக்கு உண்டு, இதற்குக் கிடையாது. எண்ணும்போதே பிள்ளைகள் உண்மையில் எந்தத் தடத்தில் நடக்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். கட்டடக் கலைஞர் போட்ட அழகான வளைவுப் பாதையில் எவரும் நடப்பதில்லை. புல்லைத் தேய்த்து ஒற்றையடிப் பாதை போட்டிருப்பார்கள். அந்தத் தேய்ந்த பாதைதான் சரியான வரைபடம். வளாகத்தின் படத்தைப் பிள்ளைகளிடமே கொடுத்து, பயமாக இருக்கும் இடத்தைச் சிவப்புப் பென்சிலால் வட்டமிடச் சொன்னால் போதும். பஸ் பின்னால் வரும் மூலை, தண்ணீர் லாரி திரும்பும் சந்து, வண்டிகளுக்கு நடுவே புகுந்து போக வேண்டிய கழிப்பறை வழி. எந்த ஆலோசகரும் இவ்வளவு துல்லியமாகச் சொல்ல மாட்டார்.

அடுத்தது வாசல். பழைய கோட்டைகளிலும் பெரிய வீடுகளிலும் பெரிய கதவுக்குள் திட்டிவாசல் என்று ஒரு சிறு கதவு இருக்கும். ஆள் மட்டும் குனிந்து போகலாம். பல பள்ளிகள் இதைத்தான் பாதுகாப்பு ஏற்பாடு என்று செய்கின்றன. தோரண வளைவும் பளிங்குப் பலகையும் கொண்ட பெரிய கேட் கார்களுக்கு. நடந்து வருபவர்களுக்குப் பின்பக்கம், சாக்கடையை ஒட்டி ஒரு சின்னக் கதவு. பிரித்தது சரி, ஆனால் தலைகீழாகப் பிரித்திருக்கிறார்கள். சாலையைக் கடக்கும் இடத்துக்கும் பஸ் நிறுத்தத்துக்கும் அருகில் உள்ள வாசல் நடப்பவர்களுக்கே போக வேண்டும். அங்கிருந்து வகுப்பறை வரை ஒரு சக்கரத்தின் குறுக்கீடும் இருக்கக்கூடாது. கார்கள் சுற்றிக்கொண்டு போகலாம். இன்ஜினுக்குக் கால் வலிக்காது. கோயிலில் முதல் மரியாதை யாருக்கு என்று சண்டை போடத் தெரிந்த நாட்டில், பள்ளி வாசலில் அது யாருக்கு என்ற கேள்வி எழுந்ததேயில்லை.

நடப்பவருக்கு ஒன்று, பஸ்ஸுக்கு ஒன்று, காருக்கு ஒன்று என மூன்று வாசல் எல்லாப் பள்ளிகளுக்கும் சாத்தியமில்லை. மும்பையிலும் கொல்கத்தாவின் பழைய பகுதிகளிலும் ஒரே வாசலும் ஒரே முற்றமும்தான் இருக்கும். அங்கே இடத்தைப் பிரிக்க முடியாவிட்டால் நேரத்தைப் பிரிக்கலாம். சிறுவர் வகுப்புகள் ஒரு மணிக்கு, பெரிய வகுப்புகள் பத்து நிமிடம் கழித்து, பஸ்கள் அதற்குப் பிறகு. அல்லது இன்னும் எளிது: வளாகத்துக்குள் எந்த வண்டியும் வரக்கூடாது.

வளாகத்துக்குள் பஸ் வந்துதான் ஆக வேண்டுமென்றால் ஒரே ஒரு விதி மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம். அது ஒருபோதும் பின்னால் நகரக்கூடாது. பஸ் ரிவர்ஸ் எடுக்க வேண்டியிருக்கிறது என்றால் வரைபடம் தவறு. ஒரு வழியாக நுழைந்து, ஒரே திசையில் சுற்றி, மறு வழியாக வெளியேற வேண்டும். இதில் நுட்பமான ஒரு விஷயம் உண்டு. இந்தியாவில் பஸ்ஸின் படி இடது பக்கம். குழந்தை இறங்கும் பக்கத்திலேயே பள்ளிக் கட்டடம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இறங்கியதும் பஸ்ஸைச் சுற்றிக்கொண்டு அடுத்த பஸ்ஸின் முன்னால் ஓட வேண்டியிருக்கும். கட்டடத்தைச் சுற்றிவரும் பாதையென்றால் பஸ் இடஞ்சுழியாகவே வர வேண்டும். கோயிலை வலம் வருவதுபோலப் பள்ளியை வலம் வந்தால் கட்டடம் வலது பக்கம் போய்விடும், பிள்ளை தவறான பக்கத்தில் இறங்கும். கட்டடத்துக்கு முன்னால் ஒரு வட்டத்தைச் சுற்றித் திரும்பும் பாதை என்றால் இதற்கு நேர் எதிர். அங்கே வலம் வருவதுதான் சரி. அமெரிக்கக் கையேடுகளில் உள்ள படத்தை அப்படியே பிரதி எடுப்பவர்கள் இங்கேதான் சறுக்குவார்கள். அங்கே படி வலது பக்கம். அந்தப் படத்தைக் கண்ணாடியில் காட்டி, கண்ணாடியில் தெரிவதைத்தான் வரைய வேண்டும்.

மாலையில் முறை இன்னும் எளிது, கடைப்பிடிப்பதுதான் கடினம். எல்லா பஸ்ஸும் வந்து நின்று இன்ஜினை அணைத்த பிறகே மணி அடிக்க வேண்டும். எல்லாப் பிள்ளைகளும் ஏறி, உதவியாளர்கள் தலைகளை எண்ணி முடித்த பிறகே முதல் சக்கரம் உருள வேண்டும். பிள்ளைகள் தரையில் இருக்கும்போது வண்டிகள் அசையக்கூடாது. வண்டிகள் அசையும்போது பிள்ளைகள் தரையில் இருக்கக்கூடாது. இதற்கு முதல் எதிர்ப்பு பஸ் ஒப்பந்தக்காரரிடமிருந்து வரும். ஒரே பஸ் இரண்டு நடை அடித்தால்தான் அவருக்குக் கட்டுப்படியாகும். நிரம்பிய உடனே புறப்பட வேண்டும் என்பது அவர் அவசரம். அந்த அவசரத்துக்கு விலை கொடுக்கப் பள்ளி தயாரா என்பது கட்டணத்தில் முடிவாகும் விஷயம். கட்டணம் என்றதும் பெற்றோர் சங்கமும் மௌனமாகிவிடும்.

அடுத்த எதிர்ப்பு ஆசிரியர் அறையிலிருந்து. பல பள்ளிகளில் ஆசிரியர்களின் கார்கள் பிள்ளைகள் நடக்கும் முற்றத்தின் நடுவிலேயே நிற்கின்றன, பிள்ளைகளோடு சேர்ந்தே வெளியேறுகின்றன. ஒரு காலத்தில் கபடி ஆடிய இடம் இன்று வெள்ளைக் கோடு போட்ட நிறுத்துமிடம். பஸ்கள் போய்ச் சேரும் வரை பத்து நிமிடம் பொறுத்துக் கிளம்புங்கள் என்றால் ஆசிரியர்களுக்கும் வீட்டில் குழந்தை காத்திருக்கிறது. அந்த நியாயத்தையும் ஒதுக்கிவிட முடியாது. வேறு வாசலும் சாலையை ஒட்டிய மூலை இடமும் அவர்களுக்குக் கிடைத்தால் தகராறு இல்லை. கேன்டீன் சாமான், காஸ் சிலிண்டர், தண்ணீர் டேங்கர், கட்டட வேலை நடக்கும் பள்ளியென்றால் மணல் லாரி இவையெல்லாம் மணி அடித்து எல்லோரும் வகுப்பில் உட்கார்ந்த பிறகே உள்ளே வர வேண்டும். இதற்கு ஒரு ரூபாய் செலவு கிடையாது, காவலாளியிடம் ஒரு நேரப் பட்டியல் இருந்தால் போதும்.

வாசலுக்கு வெளியே வந்ததும் நிலைமை வேறு. மதிலுக்கு உள்ளே ஓர் எஜமானர் உண்டு, வெளியே ஏழெட்டுப் பேர். தில்லியில் அகலமான சாலைகள் பெரும்பாலும் பொதுப்பணித் துறையிடம், குறுகியவை மாநகராட்சியிடம். சிக்னலைக் கவனிப்பது போக்குவரத்துப் போலீஸ். நடைபாதை நடுவே நிற்கும் மின்பெட்டி மின்நிறுவனத்தின் சொத்து. இந்த 100 மீட்டர்தான் குழந்தைக்கு மிகவும் ஆபத்தானது, இதற்குத்தான் சொந்தக்காரர் இல்லை.

இத்தனைக்கும் வழிகாட்டும் நூல்கள் இல்லாமலில்லை. இந்தியச் சாலைக் காங்கிரஸ் என்று ஒன்று இருக்கிறது. பெயரைப் பார்த்து மிரள வேண்டாம், கட்சியல்ல. 1934இல் தொடங்கிய நெடுஞ்சாலைப் பொறியாளர்கள் அமைப்பு. நடைபாதையில் தடையில்லாத அகலம் குறைந்தது 1.8 மீட்டர் வேண்டும் என்கிறது அது. இரண்டு சக்கர நாற்காலிகள், அல்லது பேரனைப் பிடித்த பாட்டியும் எதிரே வருபவரும், உரசாமல் கடக்க அவ்வளவு தேவை. வேகத்தடைக்கும் அளவு சொல்லியிருக்கிறது: 3.7 மீட்டர் அகலம், நடுவில் 10 செ.மீ. உயரம், மெதுவான வளைவு. வண்டி 25 கி.மீ. வேகத்தில் குலுங்காமல் கடக்கலாம், அதற்கு மேல் முடியாது. பள்ளிகள் ஆள் பிடித்துப் போட்டுக்கொள்ளும் தடைகளோ மாட்டின் முதுகெலும்பு போலக் குறுகலாக, செங்குத்தாக இருக்கும். அதில் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்த பெண் தூக்கி எறியப்படுவார். இதைவிட நல்லது, பிள்ளைகள் கடக்கும் இடத்தையே நடைபாதை மட்டத்துக்கு உயர்த்திவிடுவது. அப்போது குழந்தை சாலையில் இறங்குவதில்லை, கார்தான் குழந்தையின் தளத்துக்கு ஏறி இறங்குகிறது.

25 கி.மீ.யா 50 கி.மீ.யா என்பது சின்ன வித்தியாசமாகத் தோன்றலாம். ஓட்டுபவர் பார்த்து பிரேக்கில் கால் வைக்க ஒரு நொடி ஆகும். 30 கி.மீ. வேகத்தில் வரும் கார் அந்த ஒரு நொடியையும் சேர்த்து சுமார் 13 மீட்டரில் நின்றுவிடும். 50 கி.மீ. வேகத்தில் வந்தால் 28 மீட்டர் வேண்டும். பந்தைத் துரத்தி ஓடிவரும் சிறுவனுக்கும் காருக்கும் இடையே 20 மீட்டர் இருந்தால் முதல் கார் தொடாது. இரண்டாவது கார் நல்ல வேகத்திலேயே வந்து மோதும். வாசலுக்கு நேர் எதிரே நடைபாதை ஓரத்தில் ஒரு இரும்புத் தடுப்பு போடச் சொல்வது இதற்காகத்தான். மணி அடித்ததும் வெடித்துக் கிளம்பும் பிள்ளை நேராகச் சாலைக்குள் பாய முடியாது, பக்கவாட்டில் திரும்பித்தான் போக வேண்டும்.

பள்ளியின் கோபம் பெரும்பாலும் தவறான ஆள் மேல் பாய்கிறது. கொய்யாவை உப்பு மிளகாயோடு விற்பவர், ஐஸ் வண்டிக்காரர், தில்லியென்றால் சூரன் விற்கும் கிழவர். நெரிசலைக் குறைக்கிறோம் என்று முதலில் விரட்டப்படுவது இவர்கள்தான். ஒரு தள்ளுவண்டி அடைக்கும் இடம் ஒரு காரில் பாதிகூட இல்லை. தினமும் அதே இடத்தில் நிற்பவருக்கு எந்தப் பிள்ளை யாரோடு போகும் என்று தெரியும். புதிதாக ஒருவர் வந்து கூப்பிட்டால் கவனிக்கும் கண்ணும் அவருடையதே. அவரை வாசலிலிருந்து இருபது அடி தள்ளி நிறுத்தினால் போதும்.

மதில் ஓரமாகக் கொஞ்சம் நிழலும் திண்ணை போல ஒரு நீண்ட இருக்கையும் கட்டிவிட்டால் பாதி வேலை முடியும். நடந்து அழைத்துப் போக வரும் தாத்தா பாட்டிகள் இப்போது சாலையில்தான் நிற்கிறார்கள், உட்கார இடம் இல்லாததால். மதிலைச் சில அடி உள்ளே தள்ளி, அந்த இடத்தைத் தெருவுக்கு விட்டுக்கொடுக்க எத்தனை பள்ளிகளுக்கு மனம் வரும் என்பது வேறு கேள்வி. நடைபாதையைச் சேர்த்து வளைத்துப் பூந்தொட்டி வைத்த பள்ளிகளே அதிகம்.

இவ்வளவு கார்கள் ஏன் வருகின்றன என்று கேட்டால் விடை வாசலில் இல்லை, சேர்க்கைப் பதிவேட்டில் இருக்கிறது. இந்தியாவில் குழந்தையின் நடையை மனதில் வைத்தே கட்டப்பட்ட ஒரு நகரம் உண்டு. 1950களில் லெ கார்பூசியே சண்டிகரைச் சுமார் 1,200 மீட்டர் நீளமும் 800 மீட்டர் அகலமும் உள்ள செக்டார்களாகப் பிரித்தார். வேக வண்டிகள் செக்டாரைச் சுற்றி ஓடும், உள்ளே நுழையாது. நடுவே பசுமைப் பட்டை, அதில் நடப்பவர்களுக்கான பாதை, அதை ஒட்டிப் பள்ளி. பெரிய சாலை எதையும் கடக்காமலே ஒரு குழந்தை வீட்டிலிருந்து வகுப்புக்குப் போய்விடலாம். வரைபடத்தில் குறையே சொல்ல முடியாது. ஆனால் பெற்றோர் பள்ளியைத் தூரம் பார்த்துத் தேர்ந்தெடுக்கவில்லை, பெயர் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள். புகழ்பெற்ற பள்ளிகள் உள்ள செக்டார்களுக்கு நகரத்தின் மறுமுனையிலிருந்தும் மொஹாலியிலிருந்தும் பஞ்ச்குலாவிலிருந்தும் கார்கள் வருகின்றன. உலகப் புகழ் பெற்ற திட்டம், மணி அடிக்கும் நேரத்தில் மற்ற ஊர்களைப் போலத்தான் மூச்சுத் திணறுகிறது.

அருகமைப் பள்ளி வேண்டும் என்று 1964-66இல் கோத்தாரி கமிஷன் சொன்னது. எல்லாக் குழந்தைகளும் சாதி, வருமான வேறுபாடின்றித் தங்கள் வட்டாரப் பள்ளியிலேயே படிக்க வேண்டும் என்ற சமத்துவ நோக்கம் அதற்கு. நெரிசலைத் தீர்க்கும் மருந்தும் அதில் ஒளிந்திருந்தது. தில்லியில் 2013 டிசம்பரில் துணைநிலை ஆளுநர் நர்சரி சேர்க்கைக்கு 100 புள்ளிகளில் 70ஐ அக்கம்பக்கத்தில் வசிப்போருக்கு ஒதுக்கினார். தனியார் பள்ளிகள் நீதிமன்றம் போயின, 2014 நவம்பரில் உயர்நீதிமன்றம் அதை ரத்து செய்தது. குழந்தையை விரும்பிய பள்ளியில் சேர்க்கும் பெற்றோரின் உரிமையும், யாரைச் சேர்ப்பது என்று முடிவு செய்யும் பள்ளியின் உரிமையும் காப்பாற்றப்பட்டன. அந்த உரிமைகள் தினமும் காலையில் வரிசையில் நிற்கின்றன, ஹாரன் அடித்தபடி.

பக்கத்துத் தெருவில் இருப்பவரும் காரில் கொண்டுவந்து விடுவதற்கு இன்னொரு காரணம் அந்தப் பை. ராஜ்யசபா நியமன உறுப்பினராக இருந்த ஆர்.கே. நாராயண் 1980களின் பிற்பகுதியில் அவையில் பேசியது எந்தப் பெரிய அரசியலைப் பற்றியும் அல்ல. குழந்தைகளின் முதுகில் ஏற்றப்படும் புத்தகச் சுமையைப் பற்றி. யஷ்பால் குழு அமைந்து 1993இல் அறிக்கை தந்தது. 2020இல் வந்த பள்ளிப் பைக் கொள்கை, குழந்தையின் எடையில் 10 சதவீதத்துக்கு மேல் பை இருக்கக்கூடாது என்றது. 20 கிலோ குழந்தைக்கு 2 கிலோ. வகுப்பறையில் புத்தகம் வைக்க ஓர் அலமாரி போட்டால் சில கார்கள் வீட்டிலேயே நின்றுவிடும் என்பதை எந்தப் போக்குவரத்துத் திட்டமும் எழுதுவதில்லை.

பாட்னாவில் அலுவலகத்தில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு வேறொரு காட்சி தெரிந்தது. பீகாரில் 2006இல் 9ஆம் வகுப்புச் சிறுமிகளுக்கு சைக்கிள் வாங்க அரசு பணம் கொடுக்கத் தொடங்கியது. தமிழ்நாட்டில் அதற்குச் சில ஆண்டுகள் முன்பே இலவச சைக்கிள் வந்துவிட்டது. பீகார் திட்டத்தை ஆராய்ந்த பொருளாதார அறிஞர்கள் கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும் 2017இல் வெளியிட்ட முடிவு: உயர்நிலைப் பள்ளியில் சிறுமிகள் சேர்வது சுமார் 32 சதவீதம் கூடியது, சிறுவர்களோடு இருந்த இடைவெளி 40 சதவீதம் குறைந்தது. ஒரு சைக்கிளுக்கு இவ்வளவு சக்தி. பெருநகரப் பள்ளியிலோ சைக்கிள் நிறுத்துமிடம் ஜெனரேட்டருக்குப் பின்னால், கூரையில்லாத மூலையில் இருக்கும். அல்லது 'சாலை பாதுகாப்பாக இல்லை' என்று சைக்கிளையே தடை செய்திருப்பார்கள். 11, 12ஆம் வகுப்பு மாணவர்கள் ஸ்கூட்டரில் வந்து, பள்ளிக்குத் தெரியாமல் அடுத்த சந்தில் நிறுத்துவது எல்லோருக்கும் தெரிந்த ரகசியம். 2019 சட்டத் திருத்தப்படி சிறுவன் வண்டி ஓட்டிக் குற்றம் புரிந்தால் பெற்றோருக்கோ உரிமையாளருக்கோ 3 ஆண்டு வரை சிறையும் ரூ. 25,000 அபராதமும் உண்டு. சந்துக்குள் யார் போய்ப் பார்ப்பது?

நடந்தும் சைக்கிளிலும் வருபவர்கள் யார் என்று பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத ஒதுக்கீட்டில் பக்கத்துக் குடியிருப்பிலிருந்து சேர்ந்த பிள்ளைகள், ஆயாவின் மகள், டிரைவரின் மகன். அவர்களுடைய பெற்றோர் பெற்றோர் சங்கக் கூட்டத்தில் பின்வரிசையில் உட்கார்ந்திருப்பவர்கள், ஆங்கிலத்தில் நடக்கும் விவாதத்தில் வாய் திறக்காதவர்கள். முன்வரிசையில் இருப்பவர்கள் காரில் வருபவர்கள். நிறுத்துமிடம் போதவில்லை என்பதே அவர்கள் எழுப்பும் பிரச்சினை. பள்ளியின் இடம் யாருக்காகப் பிரிக்கப்படும் என்பது அந்தக் கூட்டத்தில் முடிவாகிவிடுகிறது, வரைபடம் பிறகுதான் வருகிறது.

திருத்தத்தைத் தொடங்கும் பள்ளிக்கு லட்சங்கள் தேவையில்லை. சுண்ணாம்புக் கோடு, மணல் நிரப்பிய பழைய டயர்கள், நான்கு பூந்தொட்டி, இரண்டு கயிறு. ஒரு மாதம் வைத்துப் பார்த்து, சரிவராததை நகர்த்தி, சரிவந்ததை மட்டும் சிமெண்டில் கட்டினால் போதும். கார்களை 200 மீட்டர் தள்ளி, கோயில் மைதானத்திலோ மார்க்கெட் ஓரத்திலோ நிறுத்தச் சொல்லி, அங்கிருந்து பெரிய வகுப்புப் பிள்ளைகளும் ஓர் ஆசிரியரும் சேர்ந்து சிறுவர்களை வரிசையாக நடத்தி வரலாம். முதல் வாரம் தொலைபேசி ஓயாது. 'என் பெண் வெயிலில் நடக்க வேண்டுமா?' என்று கேட்பார்கள். இரண்டாம் வாரம் 'மழை வந்தால்?' என்பார்கள். மழைக்கு ஒரு தகரக் கூரை போட்டுவிடலாம், அது நீச்சல் குளத்தைவிட மலிவு. மூன்றாம் வாரம் அழைப்புகள் குறையும், ஏனென்றால் தங்கள் காரும் வீட்டுக்கு முன்னதாகவே திரும்புவதை அவர்கள் கவனித்திருப்பார்கள்.

கடைசியாக ஒரு சிக்கல் மிச்சமிருக்கும். 7.30 முதல் 8.15 வரை எந்தக் காரும் உள்ளே வரக்கூடாது என்று எழுதி, தலைமையாசிரியர் கையெழுத்திட்டு, காவலாளியிடம் கொடுத்துவிடுவார். அவர் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார். தாளாளரின் காரும் அதில் அடக்கமா என்று அவர் அப்போதே கேட்டு, பதிலை அதே தாளில் எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.